பழைய கணினியும் பரிசோதனை மேசையும்

(கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டுக் கூடிய பழைய மாணவிகள் சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டுக்குக் கல்லூரி அன்னைக்கு என்ன பரிசு கொடுப்பது என்ற பேச்சு சில மாதங்களாகச் சங்கத்தின் எல்லாக் கிளைகளிலும் நடந்து வருகிறது. குளிரூட்டிய கணினிக் கூடம் ஒன்று வேண்டும் என்பது பலரின் விருப்பம். புதுக் கணினிகள், சுவரில் தொடுதிரை, வாசலில் பெயர்ப்பலகை. நல்ல எண்ணம்தான். அதை மறுத்துப் பேச நாம் வரவில்லை. ஆனால் பணத்தை ஒதுக்கும் முன்பு, கல்லூரியின் பௌதிகவியல், உயிரியல் ஆய்வுகூடங்களில் இரண்டு ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு சிறு வேலையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நினைத்தோம். அது பிறர் கழித்துவிட்ட பழைய கணினிகளையும் கட்டற்ற மென்பொருளையும் கொண்டு நடக்கும் வேலை.

நாம் என்பது உயர்தரம் 1998 அணியைச் சேர்ந்த ஐந்து பேர். எம்மில் இருவர் வைத்தியர், ஒருவர் இதே கல்லூரியில் கற்பிக்கும் ஆசிரியை, ஒருவர் பொறியியலாளர், மற்றவர் வங்கியில் வேலை பார்ப்பவர். எவரும் கணினித் துறையைச் சேர்ந்தவர் அல்லர். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம், ஏனெனில் இந்த வேலைக்கு அது தேவைப்படவில்லை.

எதற்காகத் தொடங்கினோம்?

உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படித்த எல்லோருக்கும் இது தெரியும். எமது பரீட்சையில் பரிசோதனை எழுத்துத் தாளில்தான் வினவப்படுகிறது. அமைப்புக் கட்டுரை வினாவில் எளிய ஊசலின் படம் இருக்கும், கீழே புள்ளிக்கோடு இருக்கும். ஊசலை ஒருமுறையேனும் ஆட்டிப் பார்க்காத பிள்ளையும் அந்தக் கோட்டை நிரப்பி முழுப் புள்ளி எடுக்கலாம். பாடத்திட்டமோ பெரிது, நேரமோ குறைவு. பின்னேரமானால் பிள்ளைகள் ரியூசனுக்கு ஓட வேண்டும். ஆய்வுகூடத்தில் இருக்கும் ஓர் அலைவுகாட்டியும் பழுது. இந்த நிலையில் ஆசிரியர்களைக் குறை சொல்ல எவருக்கும் வாய் வராது.

வைத்தியத்துறையில் இருக்கும் நாம் இதன் விளைவை நோயாளர் விடுதியில் காண்கிறோம். மருத்துவ பீடத்துக்கு வரும் பிள்ளைகள் கெட்டிக்காரர். கேட்டால் வரைவிலக்கணம் தவறாமல் வரும். ஆனால் தான் எடுத்த அளவீட்டைத் தானே சந்தேகிக்கும் பழக்கம் பலரிடம் இல்லை. பருத்த கையில் சிறிய பட்டியைக் கட்டி இரத்த அழுத்தம் பார்த்தால் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அதைப் படித்திருப்பார்கள். இருந்தும், கருவி காட்டிய எண்ணை அப்படியே படுக்கைச் சீட்டில் எழுதிவிடுவார்கள். அந்த எண்ணை நம்பி ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் மாத்திரை கொடுக்கப்படலாம். ஓர் எண் எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்கும் பழக்கத்தை 23 வயதில் விடுதியில் தொடங்குவது பிந்திய தொடக்கம். 16 வயதில், ஒரு பரிசோதனை மேசையில் தொடங்க வேண்டும். எமது முயற்சியின் நோக்கம் அவ்வளவுதான்: இந்தக் கல்லூரியை விட்டுப் போகும் ஒவ்வொரு விஞ்ஞான மாணவியும் தன் கையால் அளந்த ஓர் எண்ணையாவது தன்னுடையது என்று சொல்ல வேண்டும்.

இருப்பதைக் கொண்டு விஞ்ஞானம் செய்வது எமது ஊருக்குப் புதிதல்ல. 1990இல் மின்சாரம் நின்றபின் நாம் படித்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுச் செய்த சிக்கன விளக்கில் படித்தோம். பட்டரி கிடைக்காதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். மின்காந்தத் தூண்டலைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எமது கைகள் அதைப் படித்திருந்தன. வேகமாகச் சுற்றினால் சத்தம் கூடும், கை சலித்தால் செய்தி மறையும். அந்தக் கஷ்டத்தை நாம் புகழவில்லை, எமது பிள்ளைகளுக்கு அது வரவும் வேண்டாம். ஆனால் கையில் உள்ள பொருளைத் திறந்து பார்த்து, அது எப்படி வேலை செய்கிறது என்று அறிந்து, வேறு வேலைக்குத் திருப்பும் துணிவு அந்தக் காலத்தில் சாதாரண வீடுகளில் இருந்தது. மூடிய பெட்டியாக வந்து மூடிய பெட்டியாகவே கழிந்துபோகும் கருவிகள் அந்தத் துணிவை வளர்ப்பதில்லை.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன?

இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இலவசமாகக் கிடைப்பது உண்மைதான். ஆனால் விடயம் அதுவல்ல. 1983இல் அமெரிக்காவில் றிச்சர்ட் ஸ்ரோல்மன் என்பவர் இந்த முயற்சியை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ், லினக்ஸ் என்ற கருவை எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்தார். இந்த வகை மென்பொருளை எவரும் எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், தாம் திருத்தியதையும் கொடுக்கலாம்.

எமது அணிக்கு இதை விளங்கப்படுத்த ஓர் உதாரணம் போதும். 1995 ஒக்ரோபரில் இடம்பெயர்ந்தபோது எல்லோரிடமும் எல்லாக் கொப்பியும் இருக்கவில்லை. ஒருத்தியிடம் இருந்த விலங்கியல் கொப்பியை எத்தனையோ பேர் பார்த்து எழுதினோம். எழுதும்போது பிழையைத் திருத்தினோம், விடுபட்ட படத்தைக் கீறினோம். கொப்பி கை மாறி மாறிப் போய், திரும்பி வந்தபோது முன்னிலும் நல்ல கொப்பியாக வந்தது. கட்டற்ற மென்பொருள் அந்தக் கொப்பியைப் போன்றது.

ஒரு கல்லூரிக்கு இதில் மூன்று நன்மைகள் உண்டு. களவாகப் பிரதி செய்த மென்பொருளில் பிள்ளைகளுக்கு நேர்மையைக் கற்பிக்க வேண்டிய சங்கடம் இல்லை. ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் இல்லை. மூன்றாவதுதான் பெரியது: ஆய்வுகூடத்தில் பாவித்த அதே மென்பொருளைப் பிள்ளை பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டு போகலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். வசதியுள்ள வீடு, இல்லாத வீடு என்ற பேதம் அங்கே கொஞ்சமாவது குறைகிறது.

இது ஏழைகளுக்கான மலிவுப் பொருள் என்று எண்ண வேண்டாம். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய, எமது நாட்டின் மென்பொருளாளர்கள் தொண்டாக ஒன்றுசேர்ந்து 'சகானா' என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது. 2020 ஜனவரியில் கொரோனா பரவத் தொடங்கியபோது, ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த டி.எச்.ஐ.எஸ். 2 என்ற கட்டற்ற சுகாதாரத் தகவல் முறைமையில், வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கண்காணிக்கும் பகுதியை முதலில் அமைத்தது இலங்கைதான். அதைப் பார்த்து வேறு பல நாடுகளும் தமக்கென அமைத்துக்கொண்டன. ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் எண்ணிமத் தளமும் விக்கிப்பீடியா இயங்கும் அதே கட்டற்ற மென்பொருளில்தான் இயங்குகிறது. கேரளத்தின் அரச பாடசாலைகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே கணினி கற்பிக்கின்றன.

பழைய கணினிக்கு எப்படி உயிர் வந்தது?

2022இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபோது புதுக் கணினி நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாத பொருளாயிற்று. மறுபுறம், 2025 ஒக்ரோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் நின்றுவிட்டன. அடுத்த பதிப்பை ஏற்காத கணினிகள், வன்பொருளில் எந்தக் குறையும் இல்லாமலே, உலகெங்கும் மூலையில் வைக்கப்படுகின்றன. அவை கெட்டுப்போன கணினிகள் அல்ல.

தெரிந்தவர்களிடமும் அலுவலகங்களிடமும் கேட்டு 26 கணினிகளைச் சேர்த்தோம். 15 வேலைக்கு வந்தன. மற்றவை உதிரிப்பாகம் தந்தன. எமது ஒழுங்கு இதுதான். 64 பிற் செயலி இல்லாத கணினியை ஏற்பதில்லை. வந்த கணினியில் முதல் வேலை, பழைய வன்தட்டை மீட்க முடியாதபடி முற்றாக அழிப்பது. கொடுத்தவரின் வங்கி விபரமோ ஒரு நோயாளியின் அறிக்கையோ பிள்ளைகளின் கைக்குப் போகக் கூடாது. இதில் வைத்தியர்களாகிய நாம் கடுமையாக இருந்தோம். அடுத்து, பெட்டியைத் திறந்து தூசியையும் எறும்புக் கூட்டையும் துப்பரவாக்குவது. பிறகு தாய்ப்பலகையில் உள்ள சிறிய நாணய பட்டரியை மாற்றுவது. அது செத்திருந்தால் கணினியின் திகதி பிழைக்கும், திகதி பிழைத்தால் இணையப் பக்கங்கள் பல திறக்கமாட்டா. பலர் கணினியே பழுது என்று நினைத்தது இந்தச் சின்னப் பட்டரியால்தான். கடைசியாக, சுழலும் பழைய வன்தட்டுக்குப் பதிலாகச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றும், தேவையான இடத்தில் றாமை 4 ஜிகாபைற்றாகக் கூட்டுவதும். பணம் செலவானது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும்தான்.

பின்பு டெபியன் என்ற லினக்ஸ் வகையை, பாரம் குறைந்த திரை முகப்போடு நிறுவினோம். நிறுவும் முன்பே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம் என்பதால், ஒரு கணினி தேறுமா தேறாதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இணையம் இல்லாத வகுப்பறைக்குக் கிவிக்ஸ் என்ற மென்பொருளின் வழியே தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக வன்தட்டில் ஏற்றி வைத்தோம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்காமல், 15இல் 9ஐ மடிக்கணினிகளாகத் தெரிந்தெடுத்தோம். பழைய மின்கலம் அரை மணி நேரம் தாங்கினாலும் ஒரு பரிசோதனையை முடிக்கலாம்.

மேசையில் என்ன நடந்தது?

கைபேசியில் எடுத்த வீடியோவை ட்ராக்கர் என்ற மென்பொருளில் இட்டால், ஒவ்வொரு படச்சட்டத்திலும் பொருள் எங்கே இருக்கிறது என்று குறிக்கலாம். செக்கனுக்கு 30 சட்டங்கள். மேசையிலிருந்து விழும் மாங்காய் அரைச் செக்கனில், அதாவது 15 சட்டங்களில், ஏறக்குறைய 1.2 மீற்றர் விழுகிறது. சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி கூடிக்கொண்டே போவதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள். ஆர்முடுகல் என்ற சொல்லுக்கு அன்றுதான் அவர்களுக்குப் பொருள் கிடைத்தது.

உயிரியலில், றியோ இலையின் ஊதாத் தோலை வெவ்வேறு செறிவுச் சுக்குரோசுக் கரைசலில் இட்டு முதலுருச்சுருக்கம் பார்ப்பது நாம் எல்லோரும் அறிந்த பரிசோதனை. முன்பு ஒரே நுணுக்குக்காட்டியில் ஆளுக்கு ஐந்து செக்கன் எட்டிப் பார்த்துவிட்டு, எண்ணிக்கையைப் புத்தகத்திலிருந்து எழுதுவோம். இப்போது கண்வில்லையில் கைபேசியை வைத்துப் படம் எடுத்து, இமேஜ் ஜே என்ற மென்பொருளில் திறந்து, சுருங்கிய கலங்களை ஒவ்வொன்றாகக் குறித்து எண்ணுகிறார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களில் உருவான இந்த மென்பொருளை உலகெங்கும் மருத்துவ ஆய்வாளர்கள் பாவிக்கிறார்கள். எமது பிள்ளை பயில்வது அதே கருவியில்தான்.

ஒலியின் வேகத்தை அளந்த நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 3 மீற்றர் பி.வி.சி. குழாயின் ஒரு முனையை மூடி, மறுமுனையில் ஒலிவாங்கியை வைத்து, விரலைச் சொடுக்கினார்கள். சத்தம் உள்ளே போய்த் திரும்பி வருகிறது, மொத்தம் 6 மீற்றர். ஓடாசிற்றி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் செக்கனுக்கு 44,100 தடவை ஒலியை அளக்கிறது. எனவே சொடுக்குக்கும் எதிரொலிக்கும் இடையில் உள்ள 17 மில்லிசெக்கனைத் திரையில் பெரிதாக்கி அளக்க முடிகிறது. கணக்குப் போட்டார்கள். ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னாள்: "ரீச்சர், புத்தகத்தில 331 எண்டு கிடக்கு. எங்களுக்கு 347 வருது. எங்கேயோ பிழை விட்டிட்டம்."

முன்பென்றால் 347ஐ அழித்து 331 என்று எழுதிவிட்டு மணியடிக்கப் போயிருப்போம். ரீச்சர் அழிக்க விடவில்லை. சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்க்கச் சொன்னார். 30 பாகை. புத்தகத்தில் உள்ள 331 பூச்சியப் பாகைக்கு உரியது. ஒவ்வொரு பாகைக்கும் 0.6 கூடினால் 30 பாகையில் 349 வர வேண்டும். பிள்ளைகளின் 347 அதற்குப் பக்கத்தில். மிச்சம் இரண்டு ஏன் குறைந்தது என்று அரை மணி நேரம் வாதாடினார்கள். குழாயின் நீளத்தை எங்கிருந்து அளந்தோம், ஒலிவாங்கி எவ்வளவு வெளியே இருந்தது என்றெல்லாம். அன்று அந்த வகுப்பில் எவரும் புத்தகத்தையும் வெறுக்கவில்லை, தம் அளவீட்டையும் கைவிடவில்லை. விடுதியில் எமக்குத் தேவைப்படும் மனநிலை இதுதான்.

மடிக்கணினிகளை நூலகப் புத்தகம் போல ஒரு வாரத்துக்கு இரவல் கொடுக்கிறோம். வீட்டில் கணினி இல்லாத ஒரு மாணவி தன் வீட்டுக் கிணற்றை அளந்தாள். ஒரு குரும்பட்டியை நூலில் கட்டிக் கிணற்றுக் கட்டு மட்டத்தில் தொங்கவிட்டு, கத்தரிக்கோலால் நூலை வெட்டுவாள். கத்தரிக்கோலின் சத்தம் தொடக்கம், தண்ணீரில் விழும் சத்தம் முடிவு. இரண்டும் ஒரே ஒலிப்பதிவில். தை மாதத்தில் 0.86 செக்கன், ஆழம் 3.5 மீற்றர். ஆவணியில் 1.11 செக்கன், 5.9 மீற்றர். சத்தம் மேலே ஏறி வர எடுக்கும் நேரத்தையும் கழித்திருந்தாள். வாளிக் கயிற்றால் அளந்து சரிபார்த்தும் இருந்தாள். குரும்பட்டி மிதப்பதால் பிறகு வாளியால் எடுத்துவிடலாம், குடிக்கும் கிணற்றில் கல் போடத் தேவையில்லை என்றாள். மாதத்துக்கு இரண்டு தடவை அளந்து, லிப்ரே ஒபிஸில் வரைபு கீறிக் கொண்டுவந்தாள். வற்றாத ஆறில்லாத எமது குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லுக்குள் உள்ள நீரை நம்பி வாழும் எமக்கு, அந்த வரைபு எவ்வளவு பெறுமதியானது! எந்தப் பரீட்சைத் தாளிலும் அது கேட்கப்படவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளில் இந்த வேலையால் வந்த மிகப் பெரிய பலன் எது என்று கேட்டால், அந்த ஒரு தாளைத்தான் காட்டுவோம்.

எது முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கணினி நியமிப்பைச் செய்து தராது. அளவியின் திறப்பை விரலால் பிடித்து, ஒரு துளியில் நிறம் மாறும் கணத்தை அறிவது கைக்கு உரிய கல்வி. தவளையின் இதயம் துடிப்பதைத் திரையில் பார்ப்பது வேறு, கண்முன் பார்ப்பது வேறு. பழைய கணினியில் கனமான வீடியோ திணறும். சில அச்சுப்பொறிகள் லினக்ஸோடு ஒத்துப் போகமாட்டா. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு ஆசிரியரின் நேரம். ஒரு பரிசோதனையை ஒழுங்காகத் தயார்செய்ய இரண்டு பாடவேளை போகிறது. கணினிக் கூடம் கட்டிவிட்டு அந்த நேரத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், மூன்று ஆண்டில் அது பூட்டிய அறையாகும். அப்படிப் பூட்டிய அறைகளை நாம் எல்லோரும் எங்கோ பார்த்திருக்கிறோம்.

எனவே சங்கத்திடம் எமது வேண்டுகோள் இது. நூற்றாண்டு நிதியில் ஐந்தில் ஒரு பங்கை இந்த வேலைக்கென ஒதுக்குங்கள். கட்டிடத்துக்கு அல்ல, மூன்று தேவைகளுக்கு.

ஒன்று, ஆண்டுதோறும் எஸ்.எஸ்.டி., றாம், மின்கலம் போன்ற உதிரிப்பாகங்கள்.

இரண்டு, ஆள். உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக மாதக்கணக்கில் வீட்டில் காத்திருக்கும் எமது சொந்தப் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களில் இருவருக்கு ஒரு சிறு கொடுப்பனவு கொடுத்து ஆய்வுகூட உதவியாளராக வைப்போம். கணினியைக் கழற்றிப் பூட்டவும் பரிசோதனையைத் தயார்செய்யவும் அவர்கள் பழகுவார்கள். ரீச்சருக்கு அந்த இரண்டு பாடவேளை திரும்பக் கிடைக்கும். பிள்ளைக்கும் காத்திருக்கும் காலம் வீணாகாது.

மூன்று, தமிழ். இந்த மென்பொருள்களில் சில தமிழில் வருகின்றன. ஆனால் பௌதிகவியல் என்று படித்த பிள்ளைக்கு இயற்பியல் என்றும், மீடிறன் என்று படித்த பிள்ளைக்கு அதிர்வெண் என்றும் திரை சொல்கிறது. பலவற்றுக்குத் தமிழே இல்லை. மொழிபெயர்ப்பு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, எவரும் செய்யலாம். 1847இல் வந்து மானிப்பாயில் பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அது அவருக்குத் தாய்மொழியும் அல்ல. லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருக்கும் எமது அக்காமாருக்கு வாரத்தில் ஒரு மணித்தியாலம் இதற்குக் கிடைக்காதா? ஒவ்வொரு பரிசோதனைக்கும் இரண்டு பக்கச் செய்முறைத் தாள் ஒன்று, எமது பாடத்திட்டச் சொற்களில், தெளிவான தமிழில் வேண்டும். முதல் 12 தாள்களை எழுதிவிட்டோம். மிச்சத்துக்கு ஆட்கள் தேவை.

வெளிநாட்டில் இருப்போருக்கு இன்னொன்று. அன்பினால் பழைய கணினிகளைக் கொள்கலனில் அனுப்ப வேண்டாம். ஏற்றுக்கூலி பொருளின் பெறுமதியை மிஞ்சும், பாதி இங்கே குப்பையாகும். பழைய குழாய்த் திரைக் கண்ணாடியில் ஈயம் உண்டு, பழைய தட்டைத் திரைகள் பலவற்றின் விளக்கில் பாதரசம் உண்டு. வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் புகையை எமது பிள்ளைகள் சுவாசிக்கக் கூடாது. வேலைக்கு ஆகாத கணினிகளை முறையான மின்னணுக் கழிவுச் சேகரிப்போரிடம் கொடுப்பதும் இந்தத் திட்டத்தின் ஒரு பகுதிதான். உள்ளூரிலேயே பழைய கணினி தாராளமாக இருக்கிறது. உங்களிடம் நாம் கேட்பது உதிரிப்பாகத்துக்கான சிறு தொகையும், உங்கள் நேரமும், உங்கள் தமிழும்.

இங்கு வந்திருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. கணினியைத் திறந்தால் பழுதாகிவிடும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்த 15 கணினிகளில் ஒன்றை வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து திறந்து பாருங்கள். ஏற்கெனவே பிறர் கழித்துவிட்டது, பயப்பட ஒன்றும் இல்லை. ஆய்வுகூடத் திறப்பு பௌதிகவியல் ரீச்சரிடம் இருக்கிறது.